சொக்கப்பனையைப் படமெடுக்கப் போகிறீர்களா?

கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் சொக்கப்பனையை, அதாவது பனையோலை சுற்றி நட்ட மரத்தை, கொளுத்துவதைச் சின்ன கேமராவில் எடுத்தால், பலருக்கும் கிடைப்பது கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டுதான். ஓலையும் தெரியாது, சுற்றி நிற்கும் சனமும் தெரியாது. இது கேமராவின் குறையல்ல. தீ வைக்குமுன் சிலவற்றைச் சரிசெய்துகொண்டால் அதே கேமரா நல்ல படம் தரும்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். அது மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் நிற்பவர் முதுகை வெளுக்க வைத்து, தீயின் பொன்னிறத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்தது எக்ஸ்போஷர். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். தீ வெளுத்துப்போவது அதனால்தான். ‘+/−’ பட்டனில் −1 வையுங்கள். தீ ஓங்கி எரியும்போது −2 கூட வைக்கலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் சூரியன் படம் போட்ட குறிக்கு மாற்றினால் செம்மஞ்சள் நிறம் அப்படியே நிற்கும். ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை போதும். அதற்கு மேல் போனால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். ஜூம் வேண்டாம். ஜூம் கூடக்கூட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும், கை நடுக்கமும் படத்தில் தெரியும்.

இருட்டில் ஃபோகஸ் தடுமாறும். தீயின் நடுவைக் குறிவைக்காமல், எரியும் ஓலையின் விளிம்பில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக அழுத்துங்கள்.

காய்ந்த பனையோலை சடசடவெனப் பிடித்துச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தீநாக்கின் வடிவம் வேண்டுமென்றால் ஷட்டர் 1/250 நொடி. பொறிகள் கோடுகளாக வேண்டுமென்றால் கேமராவை மதில்மேல் வைத்து, ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, ஷட்டரை 2 நொடிக்கு வைத்து, செல்ஃப் டைமரில் எடுங்கள். ஷட்டரை மாற்ற முடியாத கேமராவில் வாணவேடிக்கைக்கான மோட் இருந்தால் அது கைகொடுக்கும். பையன்கள் சுற்றும் மாவலிக்கும் இதே வழிதான். அதிலுள்ள பனம்பூக் கரியின் பொறிகள் முழு வளையமாக விழும்.

இரண்டு மூன்று படம் எடுத்ததும் பக்கவாட்டில் நகர்ந்து கூட்டத்தைப் பாருங்கள். நல்ல படம் அங்கேதான் இருக்கிறது. கைகூப்பி நிற்கும் பாட்டியின் ஒரு கன்னம் பொன்னாக மின்னும், மறு கன்னம் இருளில் கிடக்கும். அப்பாவின் தோளில் இருக்கும் குழந்தையின் கண்ணுக்குள் குட்டித் தீ எரியும். அப்போது எக்ஸ்போஷரை 0க்குக் கொண்டுவந்து, மூச்சை அடக்கி எடுங்கள்.

மரம் எந்தப் பக்கமும் சாயலாம். அதன் உயரத்தைப்போல இருமடங்கு தள்ளி நில்லுங்கள். காற்று உங்கள் பக்கமிருந்து தீயை நோக்கி வீச வேண்டும். பருத்தி உடையே உடுத்துங்கள்.

தீ அடங்கியதும் கேமராவை உறையில் போட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், வயலில் தூவவும் எடுத்துப்போவார்கள். அதையும் எடுங்கள். பிறகு அந்தப் பாட்டியின் படத்தைப் பிரிண்ட் போட்டு, அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.