கணவாய்களின் நாட்டில் ஒரு கோடைச்சாலை

நுழையும்முன்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. ஓரிடத்து வாழ்வை அறிய விரும்புவோர் அதன் நிலத்தையும் காலத்தையும் முதலில் அறிதல் வேண்டும். நாட்டின் வட எல்லையில், கோடைக்காலத்தில் மட்டுமே முழுமையாகத் திறந்திருக்கும் ஒரு மலைச்சாலை உண்டு. அச்சாலையின் வழியே அங்குள்ள நிலம், நீர், மக்கள் ஆகியவற்றைக் காட்டுகிறது இப்பாடம்.

வெயிலும் பனியும்

சித்திரை, வைகாசித் திங்களில் காஞ்சிபுரம் வெயிலின் உச்சத்தில் இருக்கும். வரதராசப் பெருமாள் கோயிலின் கருடசேவை காண வருவோர் நீர்ப்பந்தல்களை நாடி நிற்பர். அதே நாள்களில் வடக்கே இமயக் கணவாய்களில், எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர்கள் ஆளுயரத்திற்கும் மேலாக உறைந்து கிடக்கும் பனியை எந்திரங்களால் வெட்டி வழி திறந்துகொண்டிருப்பர். ஒரே நாடு, ஒரே கோடை, ஆயினும் ஓரிடத்தில் நிழலைத் தேடுகின்றனர், மற்றோரிடத்தில் வெயிலுக்காகக் காத்திருக்கின்றனர்.

நார்வே, பின்லாந்து, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் ஆர்க்டிக் எல்லைப்புறத்தில் கோடையில் சில வாரங்கள் கதிரவன் மறைவதேயில்லை. அந்நிலத்தைக் காண உலகெங்கிலும் இருந்து பயணிகள் வருகின்றனர். இந்தியாவில் அத்தகைய குளிர்நிலத்திற்கு நெருங்கிய உறவாக விளங்குவது லடாக். துருவத்தை அண்மியிருப்பதால் ஆர்க்டிக் குளிர்கிறது; வானை அண்மியிருப்பதால் லடாக் குளிர்கிறது. ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. லடாக்கின் தலைநகரான லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பனியாறுகள் மிகுந்த இமயம், காரகோரம், திபெத் பகுதிகளை உலகின் ‘மூன்றாம் துருவம்’ என அறிவியலாளர் அழைப்பதும் இதனால்தான்.

ஏறிச் செல்லும் வழி

‘லா’ என்னும் சொல்லுக்கு லடாக்கி மொழியில் கணவாய் என்பது பொருள். லடாக் என்னும் பெயரே ‘கணவாய்களின் நாடு’ என்னும் பொருளைத் தருவது. இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லே வரை செல்லும் ஏறத்தாழ 430 கி.மீ. நீளமுள்ள நெடுஞ்சாலை இப்பெயருக்கு விளக்கவுரை போல அமைந்துள்ளது.

மணாலியை அடுத்து ரோதாங் கணவாய் குறுக்கிடுகிறது. இதன் அடியில் 9.02 கி.மீ. நீளத்தில் அமைக்கப்பட்ட அடல் சுரங்கச்சாலை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் பனிக்காலத்தில் கணவாய் மூடப்பட்டதும் லாகுல் பள்ளத்தாக்கின் மக்கள் பல மாதங்கள் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்தனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளி கணவாய் திறக்கும்வரை காத்திருக்க இயலுமா? பயணிக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் சுரங்கம், அவ்வூராருக்கு உயிரைக் காக்கும் வழியாயிற்று.

சுரங்கத்தைக் கடந்தபின் சந்திரா ஆறு துணை வருகிறது. தாண்டி என்னுமிடத்தில் அதனுடன் பாகா ஆறு கலக்கிறது. சந்திரபாகா என்று பெயர் பெறும் அவ்வாறே பின்னர்ச் செனாப் எனப்படுகிறது. தாண்டியின் எரிபொருள் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கி.மீ. தொலைவில் உள்ளது என்னும் அறிவிப்புப் பலகை நெடுங்காலம் நின்றிருந்தது. அதைக் கண்ட ஓட்டுநர் எவரும் கலனை நிரப்பாமல் சென்றதில்லை.

பாராலாச்சா கணவாயில் சாலை 4,800 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. மரங்கள் கீழேயே நின்றுவிடுகின்றன. கேட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டையூசி வளைவுகளில் ஏறும் வண்டி, சற்றுமுன் கடந்து வந்த சாலையைக் கீழே ஒரு நூலிழையாகக் காட்டுகிறது. அதன்பின் நக்கீலா, லாச்சுங்லா ஆகிய கணவாய்கள். பின்னர்ச் சமதளமாக விரியும் மோரே வெளி. இறுதியில் 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லாங்லா. காவி, செம்மை, ஊதா, சாம்பல் என மலைகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கின்றன. செடி கொடிகள் போர்த்தாத மண்ணும் பாறையும் தம் சொந்த நிறத்தையே அணிந்து நிற்பதால் விளையும் அழகு இது.

அழகுக்கிடையே ஆபத்தும் உண்டு. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைவதால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். உடல் பழகும்வரை ஓரிரு நாள்கள் ஓய்ந்திருப்பதும், நோய்க்குறி முற்றினால் தயங்காமல் கீழிறங்குவதுமே உயிர்காக்கும் நெறி. மலையில் விரைவு வீரமாகாது.

இச்சாலையைச் செப்பனிடுவோரில் பலர் ஜார்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கோடைதோறும் வருபவர்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த அவர்கள் மெல்லிய காற்றில் கல்லுடைத்து, தார் ஊற்றி, சாலையோரக் கூடாரங்களில் இரவைக் கழிக்கின்றனர். பயணிகளின் ஒளிப்படங்களில் அவர்களின் முகம் இடம்பெறுவது அரிது.

நீரைப் பங்கிடும் ஊர்கள்

உப்ஷியில் சாலை சிந்து ஆற்றைச் சந்திக்கிறது. பாலை போன்ற மலைகளுக்கு நடுவே திடீரெனப் பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன. பார்லி வயல்களும் பாப்ளார் மரங்களும் சூழ்ந்த சிற்றூர்கள் அவை. லேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மி.மீ. அளவே மழையும் பனியும் பொழிகின்றன. காஞ்சிபுரத்தில் பெய்யும் மழையோ 1,000 மி.மீ.க்கும் மிகுதி. லடாக்கின் உழவு, மலைமேல் உருகும் பனிநீரையே நம்பியிருக்கிறது.

அந்நீரை முறைவைத்து வயல்களுக்குப் பங்கிட ஊரார் ஒருவரை அமர்த்துவர். அவருக்குச் ‘சுர்போன்’ என்பது பெயர். எவர் வயலுக்கு எந்நேரத்தில் நீர் பாய வேண்டும் என்பதில் அவர் சொல்லே முடிவானது. இச்செய்தி காஞ்சிபுர மாவட்டத்து மாணவருக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. மழைநீரைத் தேக்கியவர்களும் பனிநீரைப் பகிர்ந்தவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே முடிவுக்கு வந்தனர். நீர் குறைவான இடத்தில், நீதியான பங்கீடே ஊரை ஊராக வைத்திருக்கும்.

இன்று அந்நீரே நிலைகுலைகிறது. புவி வெப்பமடைவதால் பனியாறுகள் பின்வாங்குகின்றன. விதைக்கும் பருவமான ஏப்ரல், மே திங்களில் நீர் போதுவதில்லை. இதற்கு விடை தேடியவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல். பனிக்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை ஊருக்கு அருகே, நிழல் விழும் சரிவுகளில் கற்சுவர்களால் தடுத்து உறையச் செய்தார். உயரம் குறைந்த இடமாதலால் அப்பனி முன்னதாகவே உருகி, விதைப்புக்கு உதவியது. இச்செயற்கைப் பனியாறுகளுக்காக 2015ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பின்னர்ச் சோனம் வாங்சுக், நீரைக் கூம்பு வடிவில் உறையச் செய்யும் ‘பனித்தூபி’ முறையை உருவாக்கினார். கூம்பு வடிவில் வெயில் படும் பரப்பு குறைவாதலால் பனி நெடுநாள் நிற்கிறது.

நீர் குறைவு மட்டுமன்று; பெருக்கும் அச்சம் தருவதே. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டி லே பகுதியில் கொட்டிய பெருமழையிலும் சேற்று வெள்ளத்திலும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரிதாக மழை காணும் நிலத்திற்கேற்ப எழுப்பப்பட்ட மண்வீடுகள் அவ்வெள்ளத்தைத் தாங்கவில்லை.

பட்டு வந்த பாதை

லேக்கு வடக்கே 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங்லாவைக் கடந்தால் நூப்ரா பள்ளத்தாக்கு. சியாச்சின் பனியாற்றிலிருந்து வரும் நூப்ரா ஆறு இங்குச் சியோக் ஆற்றுடன் கலக்கிறது. ஹுண்டரின் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய்கின்றன. மணலும் ஒட்டகமும் முன்னே, பனிமலை பின்னே எனும் காட்சி பயணிகளை வியக்கச் செய்கிறது. வியப்புக்குப் பின்னே வரலாறு உண்டு. லேயிலிருந்து காரகோரம் கணவாய் வழியே மத்திய ஆசியாவின் யார்க்கண்டு வரை வணிகச் சாத்துகள் சென்ற காலத்தில் சுமை தூக்கிய விலங்குகளின் வழித்தோன்றல்களே இவை. பட்டும் கம்பளமும் தெற்கே வந்தன. இந்தியத் துணிகளும் நறுமணப் பொருள்களும் வடக்கே சென்றன. 1940களின் இறுதியில் எல்லைகள் மூடப்பட்டன. வணிகர் திரும்பவில்லை, ஒட்டகங்கள் தங்கிவிட்டன.

பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிக்கும் மத்திய ஆசிய வழிகளுக்கும் தொடர்பே இல்லை எனக் கருத வேண்டா. ஏழாம் நூற்றாண்டில் அவ்வழிகளின் மலைக்கணவாய்களைக் கடந்து இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், தம் பயணக்குறிப்பில் காஞ்சியைப் பற்றியும் எழுதியுள்ளார். கோட்டைகளும் முள்வேலிகளும் தோன்றுமுன் கணவாய்கள் நாடுகளை இணைக்கும் வாயில்களாக இருந்தன.

எல்லையோரச் சிற்றூர்

சியோக் ஆற்றை ஒட்டி மேற்கே செல்லும் சாலை துர்துக் என்னும் ஊரை அடைகிறது. பால்டி மொழி பேசும் மக்கள் வாழும் ஊர் இது. 1947க்குப் பின் பாகிஸ்தான் வசமிருந்த இவ்வூர், 1971 டிசம்பரில் நடந்த போரில் இந்தியாவின் வசம் வந்தது. அவ்வேளையில் வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் சென்றிருந்தோர் மறுபுறத்தில் நின்றுபோயினர். பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் மறுநாட்டிலும் என ஒரே குடும்பம் இரண்டாகியது. கடிதமும் கடவுச்சீட்டும் இன்றிச் சென்றுவந்த அடுத்த ஊர், அயல்நாடாகிவிட்டது. 2010 முதல் சுற்றுலாப் பயணிகள் இங்கு வர அனுமதிக்கப்படுகின்றனர்.

காஞ்சிபுரத்து நெசவாளர் கோர்வை முறையில் சேலையின் உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் நெய்து, இழையோடு இழை பிணைத்து ஒன்றாக்குவர். அங்குக் கரை என்பது இரு நிறங்கள் கைகோக்கும் இடம். துர்துக்கின் கரையிலோ இழை அறுந்து கிடக்கிறது. ஆறு மட்டும் தடையின்றி அப்புறம் பாய்ந்து சிந்துவில் கலக்கிறது. வாதுமை, சர்க்கரைப் பாதாமி மரங்களின் நிழலில் விருந்தினரை வரவேற்கும் அவ்வூரார், எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமன்று என்பதைத் தம் வாழ்வால் உணர்த்துகின்றனர்.

பயணியின் கடமை

சாலை வந்ததால் மருத்துவம் வந்தது, கல்வி வந்தது, வருவாய் வந்தது. அதே சாலை வழியே நெகிழிப் புட்டிகளும் புகையும் வந்தன. குளிர்நிலத்தில் குப்பை எளிதில் மட்குவதில்லை. குறைந்த நீரைக் கொண்டு வாழும் ஊரில், விடுதியில் தங்கும் ஒருவர் திறந்துவிடும் குழாயும் வயலின் பங்கில் கைவைக்கிறது. சுமந்து சென்றதைத் திரும்பச் சுமந்து வருதலும், அவ்வூரார் நீரை அளந்து பயன்படுத்துவது போலவே பயன்படுத்துதலும் பயணியின் கடமை. ‘ஜூலே’ என்று வணங்கி வரவேற்கும் மக்களுக்கு விருந்தினர் செலுத்தும் நன்றி அதுவே.

கற்பவை கற்றபின்

1. உத்திரமேரூர் ஏரி வாரியத்தையும் லடாக்கின் நீர்ப்பங்கீட்டு முறையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.

2. உங்கள் ஊரின் ஏரி அல்லது குளத்தின் நீர் முன்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘சாலை ஓர் ஊருக்குத் தருவதும் அதனிடமிருந்து எடுத்துக்கொள்வதும்’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.