பாலில் தேடும் சோப்பும், புண்ணாக்கில் இருக்கும் நஞ்சும்

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியிலும் குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மானாவாரி வேர்க்கடலையையும் கறவை மாட்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. இந்த இரண்டு விஷயத்திலும் நாம் பயப்படுவது ஒன்றாகவும் பயப்பட வேண்டியது வேறொன்றாகவும் இருக்கிறது.

நம்பிக்கை: பாக்கெட் பால் என்றாலே யூரியாவும் சோப்புத்தூளும்தான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மறு ஆண்டு அக்டோபரில் முடிவு வந்தது. யூரியா, சோப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைக் கலந்ததால் குடிக்கத் தகாதவை என்று கண்டவை 12 மாதிரிகள்தான். கொழுப்போ மற்ற சத்தோ குறைந்து தரத்தில் தவறியவை நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது. காசு கொடுத்து வாங்குகிறவரை ஏமாற்றும் வேலை அது. கண்டிக்க வேண்டியதுதான், ஆனால் அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. என்னை உலுக்கியது வேறொரு எண். 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88 அப்படி.

இந்த நஞ்சைப் பாலில் யாரும் கொண்டுவந்து கலக்கவில்லை. மாடு தின்ற தீவனத்திலிருந்து வந்தது. அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக் கொட்டையிலும் வளர்ந்து அஃப்ளடாக்சினைச் சுரக்கும். அந்தக் கடலையை ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் ஒரே நாளில் அது தலைகாட்டும். தீவனத்தை மாற்றினால் சில நாளிலேயே பால் சுத்தமாகிவிடும் என்பது நல்ல செய்தி. பால் சென்டரில் ஊற்றும்போது மெஷினில் பார்ப்பதோ கொழுப்பும், எஸ்.என்.எஃப் என்கிற கொழுப்பில்லாத திடச்சத்தும்தான். விலை அதை வைத்துத்தான் போடுகிறார்கள். பூஞ்சை நஞ்சை அந்த மெஷின் காட்டாது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

நம்பிக்கை: நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் போய்விடும்.

கிருமி சாகும். அஃப்ளடாக்சின் சாகாது. பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் அது பாலிலேயே இருக்கும். கடலையை வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது.

நம்பிக்கை: செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒரு குறையும் வராது.

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். மணமும் சுவையும் செக்கெண்ணெய்க்கு நிகர் இல்லை. சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணெயின் சுத்தம் செக்கில் இல்லை, செக்கில் போடும் பருப்பில் இருக்கிறது. நல்ல பருப்பெல்லாம் மிட்டாய்க்கும் ஏற்றுமதிக்கும் பொறுக்கிப் போன பிறகு, சுருங்கியதும் உடைந்ததும் சொத்தையும்தான் பல நேரம் ஆட்டுவதற்கு வருகிறது. நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயோடும் இறங்கும். ரீஃபைன்டு எண்ணெயில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும்; செக்கெண்ணெய்க்கு அந்தக் கட்டம் கிடையாது. அதனால் செக்குக்குப் போகும் பருப்பை இன்னும் கவனமாகப் பொறுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கடலைக்கு இந்த ஆபத்து கூடுதல். காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரம் மழை பொய்த்து மண் காய்ந்தால், மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சை ஏறிவிடும். பிடுங்கின பிறகும் வழி இருக்கிறது. ஈரக் காயை அம்பாரமாகக் குவிப்பது ஒன்று. பருப்பு நொறுங்காமல் ஓடு உடைய வேண்டும் என்று மெஷினில் போடுமுன் காய்மேல் தண்ணீர் தெளிப்பது இன்னொன்று. எடையும் கூடும் என்பதால் தெளிக்கிறவர்களும் உண்டு. அப்படி மூட்டை கட்டி வைத்த காயில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்: பருப்பின் முனையில் மஞ்சளும் பச்சையுமாக மாவு படிந்திருக்கும், விரலில் ஒட்டும். வாயில் கசந்தால் துப்பிவிடுகிறோம். அதே பருப்பைச் செக்கில் போட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாத பருப்பிலும் நஞ்சு இருக்கலாம்.

நம்பிக்கை: தண்ணீரில் மூழ்கும் மாம்பழம் கார்பைடு கல் போடாத பழம்.

பாலிலும் கடலையிலும் போல மாம்பழத்திலும் நம் பயம் இடம் மாறித்தான் இருக்கிறது; சித்தூர் மாம்பழத்தைப் பற்றி இந்த நம்பிக்கை அடிக்கடி சுற்றி வருகிறது. மூழ்குவது காய் முற்றியதைக் காட்டும்; எதில் பழுக்க வைத்தார்கள் என்று காட்டாது. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு 100 பி.பி.எம் வரை அனுமதி உண்டு. பழம் தானாகவே வெளிவிடும் வாயுதான் அது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கார்பைடு வியாபாரிக்குத்தான் லாபம்.

மறுபடி பாலுக்கும் கடலைக்கும் வருவோம். பால் சொசைட்டிகள் ஊருக்கு ஒரு நாள் வீதமாவது அஃப்ளடாக்சினைச் சோதிக்க வேண்டும். சோதனைக் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. அந்தச் செலவை விவசாயி தலையில் கட்டக் கூடாது. நாம் செய்ய முடிந்ததும் உண்டு. காயைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஆடும் வரை காயப்போடுங்கள். தண்ணீர் தெளித்து உடைக்காதீர்கள். செக்குக்காரரிடம் எந்தப் பருப்பு என்று கேட்டு வாங்குங்கள். மக்கிய புண்ணாக்கையும் சொத்தைக் கடலையையும் மாட்டுக்குத்தானே என்று போடாதீர்கள். அந்த மாட்டின் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.