சைகையா, இரைச்சலா?



இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உச்சிப்புளி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள இந்தியக் கடற்படை விமானத் தளம் 2009 முதல் ‘ஐ.என்.எஸ். பருந்து’ என்னும் பெயரில் இயங்குகிறது. கடலைக் கண்காணிக்கும் விமானங்களில் ராடார் இருக்கும். அது ரேடியோ அலைகளை அனுப்பி, பொருள்கள்மேல் பட்டுத் திரும்பும் அலைகளைத் திரையில் காட்டும். படகு மட்டுமா அலைகளைத் திருப்பும்? கொந்தளிக்கும் கடல்நீரும் திருப்பும். படகிலிருந்து வருவது சைகை. கடல்நீரிலிருந்து வருவது இரைச்சல்.

இரண்டையும் பிரித்தறிவதில் இருவகைத் தவறுகள் நேரலாம். இல்லாத படகை ‘உண்டு’ என்பது பொய் எச்சரிக்கை. இருக்கும் படகை ‘இல்லை’ என்பது தவறவிடுதல். சிறு புள்ளியையும் படகெனக் கொண்டால் தவறவிடுதல் குறையும். பொய் எச்சரிக்கை பெருகும். 1950களில் ராடார் ஆய்விலிருந்து வளர்ந்த இக்கொள்கையை உளவியலாரும் ஏற்றுக்கொண்டனர்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? உங்கள் வயதில் ஒருவர்மீது விருப்பம் தோன்றுவது இயற்கை. ‘அவருக்கும் என்மேல் விருப்பம் உண்டா?’ என்று மனம் சைகை தேடும். ஆசை மிகுந்தால் சிறு புள்ளியும் படகாகத் தெரியும் அல்லவா?

1982இல் அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா ஆபி ஒரு சோதனையை வெளியிட்டார். அறிமுகமற்ற ஓர் ஆணும் பெண்ணும் 5 நிமிடம் உரையாடினர். வேறோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தனர். அப்பெண்ணின் நட்பான பேச்சில், பெண்கள் கண்டதைவிட அதிகமான காதல் நாட்டத்தை ஆண்கள் கண்டனர்!

ஒரு கணக்குப் போடுவோம். வகுப்பில் உள்ள 40 பேரில் 30 பேரைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார். அவர்களுள் ஒருவரிடம் மட்டுமே அவருக்குத் தனி விருப்பம் என்று கொள்வோம். சிரிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த ஒருவர் நீங்களாக இருக்கும் வாய்ப்பு 30இல் 1. யாரிடமும் விருப்பம் இல்லையெனில் சுழியம்!

ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். எல்லோரிடமும் அப்படித்தான் பழகுகிறாரா? வேறு காரணம் உண்டா? (பேருந்தில் அருகே நின்றது நெரிசலால் இருக்கலாம்.) ஒருமுறை நடந்ததா, பலமுறையா?

இவையெல்லாம் ஊகமே. கடலில் ஐயம் தீர, படகை வானொலியில் அழைத்துக் கேட்பதுண்டு. மனிதரிடமும் நேரடி விடையே உறுதியானது. கேட்பதானால், அவர் அச்சமின்றி மறுக்கக்கூடிய சூழலில், பணிவாக ஒரே முறை கேளுங்கள். மௌனம் சம்மதம் ஆகாது. ‘இல்லை’ என்பது இரைச்சலற்ற தெளிவான சைகை. அதில் மறைபொருள் தேட வேண்டாம். விருப்பமில்லை எனத் தெளிவாகத் தெரிந்த பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தனிக் குற்றமாக்கியது. நமது பொய் எச்சரிக்கைக்கு மற்றவர் நிம்மதியை விலையாகக் கொடுக்கலாமா?

பயிற்சி: 40 பேரில் 5 பேரிடம் மட்டும் ஒருவர் குறிப்பேடு கேட்டு வாங்குகிறார். அவ்வைந்து பேரில் நீங்களும் ஒருவர். விருப்பம் தவிர வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்? மூன்று எழுதுக.