பெடல் பஞ்சானால், ஏர் எடுப்பது கடைசி வேலை

மிதித்தால் காலுக்கு எதிராகக் கெட்டியாக நிற்க வேண்டிய பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கும்போது, ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் முதல் பதில் "ஏர் புகுந்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். அதில் பாதிதான் உண்மை. பிரேக் ஆயில் கிட்டத்தட்ட அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் குமிழி இருந்தால் நம் கால் கொடுக்கும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிப் பேடுக்கு அரைகுறையாகப் போய்ச் சேருகிறது. ஆனால் பிரேக் என்பது மூடிய அமைப்பு. ஆயில் மாற்றும்போதோ பாகம் கழற்றும்போதோ புகாத காற்று, வேறொரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஏர் எடுப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பெடல் பழையபடி இறங்கும். போதாததற்கு, பஞ்சுப் பெடலுக்குக் காற்று மட்டுமே காரணம் என்பதும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க முதல் கருவி நம் கால்தான். நம் சாலைகளில் பெரும்பாலான சிறிய கார்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். அப்படிப்பட்ட வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு சில நொடி காலை எடுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க பெடல் மேலே வந்து கெட்டியானால், ஒன்று காற்று, அல்லது பின் டிரம்மில் ஷூவுக்கு இடைவெளி அதிகம். இரண்டையும் பிரித்தறிய ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்: ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று உயர்ந்தால் ஷூவை அட்ஜஸ்ட் செய்வதுதான் வேலை, எவ்வளவு ஏர் எடுத்தாலும் அது தீராது. ஹேண்ட் பிரேக் இழுத்தும் மாற்றமில்லை என்றால் காற்றைச் சந்தேகிக்கலாம்.

பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் கதை வேறு. ஆயில் எங்கோ வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. நான்கு டயர்களின் உட்பக்கம், காலிப்பர், ரப்பர் ஹோஸ் இணைப்புகள், டிரம்மைக் கழற்றினால் தெரியும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறை, எல்லாவற்றிலும் ஈரம் தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே கசியும் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், தரையில் ஒரு சொட்டுகூட விழாது. எங்கும் ஈரமில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர்தான். பெடல் இறங்காமல், ஆனால் ரப்பரை மிதிப்பது போல இருந்தால், ஒருவரை மிதிக்கச் சொல்லி ஹோஸ்களைப் பாருங்கள். வயதான ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது சற்றுக் கீழே போவது மட்டும் கோளாறு அல்ல. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

"ஆயில் மேக்ஸ் கோடு வரை இருக்கிறதே" என்று கேட்கலாம். கோடு அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால், பழைய ஆயிலில் இருக்கும் நீர் ஆவியாகும், பெடல் பஞ்சாகும். இதில் வேடிக்கை, ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி பெடல் கெட்டியாகிவிடுவது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி சாதுவாக நிற்கும், மெக்கானிக் குறையில்லை என்பார். இந்த வண்டிக்குத் தேவை முழு ஆயில் மாற்றம். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும் பழக்கமும் வேண்டும்.

"இரண்டு முறை பம்ப் அடித்தால் பிடிக்கிறது, போதாதா" என்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. இரண்டாவது மிதிக்கு அவகாசம் எங்கே?

காரணத்தைச் சரிசெய்த பிறகே ஏர் எடுக்கும் வேலை. வண்டியை வெறும் ஜாக்கியில் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஆயில் டேங்கின் மூடியில் எழுதியிருக்கும் அதே டாட் ஆயிலை, அன்றைக்குத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுப் போனாலும் ரப்பர் வாஷர்கள் ஊறிக் கெட்டுவிடும். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டின்படி செய்யுங்கள். சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். துணைக்கு இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் காற்றை நாமே உள்ளே இழுத்துவிடுவோம். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். அடிவரை மிதித்தால் வாஷர் இதுவரை போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியலாம். டேங்கில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டிய காலிப்பரில் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வெளியேறாது. ஏ.பி.எஸ். பம்புக்குள் காற்று சிக்கியிருந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது, அதை வீட்டில் முயல வேண்டாம். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை பெடல் மறுபடி இறங்கியிருந்தால், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.