துணி ஏன் உடலுக்குள் புதைகிறது?

மாணவர்களே, எங்கள் கணினிக் கழகத்தில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி பரதம் ஆடும் பெண்ணைப் பிளெண்டர் மென்பொருளில் அசையவிட்டிருந்தாள். போட்டிக்கு இரண்டே நாள். பெண் முழுமண்டியில் அமர்ந்ததும் முழங்கால் உடையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. "சார், துணி கிழிஞ்சிருச்சு!" என்றாள்.

கிழியவில்லை. கணினிக்குத் துணி என்பது புள்ளிகளால் ஆன வலை. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறை உண்டு. பக்கத்துப் புள்ளிகளோடு சுருள்வில்லால் கட்டியதுபோல் இணைந்திருக்கும். ஈர்ப்பு விசையையும் வில்லின் இழுவிசையையும் கூட்டி, நீங்கள் படித்த F = ma கொண்டு புள்ளி அடுத்து எங்கே போகும் எனக் கணினி கணக்கிடுகிறது. ஆனால் உடல் திண்மமானது என்று அதற்குத் தெரியாது. "இது மோதல் பரப்பு" என நாம்தான் குறிக்க வேண்டும். அதன் பிறகே, உள்ளே நுழையும் புள்ளியை அது வெளியே தள்ளும், உராய்வையும் சேர்க்கும்.

குறித்தும் துளைக்கிறதே? முதலில் நேரத்தைப் பாருங்கள். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் வீசும் கை, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 10 செ.மீ. நகர்ந்துவிடும். மணிக்கட்டின் தடிமனோ அதைவிடக் குறைவு. முன்பு கைக்கு வெளியே இருந்த புள்ளி, அடுத்த கணக்கில் கைக்கு மறுபுறம் இருக்கும், மோதியதே பதிவாகாது. ஒவ்வொரு படத்தையும் 10 சிறு படிகளாகப் பிரித்தால் நகர்வு 1 செ.மீ. ஆகிவிடும். கணக்கிடும் நேரம் மட்டும் ஏறத்தாழ பத்து மடங்காகும்.

அடுத்தது இடைவெளி. இரு புள்ளிகளுக்கு நடுவே துணி தட்டையானது, முழங்காலோ வளைந்தது. புள்ளிகள் வெளியே நின்றாலும் நடுவில் முட்டி எட்டிப்பார்க்கும். அதனால் தோலுக்குச் சற்று மேலேயே துணியை நிறுத்துவார்கள். பிளெண்டரில் தொடக்க அளவு 0.015 மீட்டர், அதாவது 1.5 செ.மீ. ஆளுயரப் பாத்திரத்துக்கு இது சரி. பாத்திரத்தையே 10 செ.மீ. உயரத்தில் செய்திருந்தால் உடை பலூன்போல் மிதக்கும்! பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அவளுடைய சிக்கல் இவை இரண்டுமல்ல. முழுமண்டியில் தொடையும் கெண்டைக்காலும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருந்தன. உண்மைத் தசை அமுங்கும். கணினி உடல் அமுங்காது. நடுவே சிக்கிய துணியைத் தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் எதிர்ப்பக்கமும் தள்ளின. அது போக இடமே இல்லை. பிக்சார் நிறுவன ஆய்வாளர்கள் பாராஃப், விட்கின், காஸ் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. சிக்கிய பகுதியோடு போராடாமல், அதைத் தோலோடு சேர்ந்து நகரவிடுவது அவர்கள் சொன்ன வழிகளுள் ஒன்று.

நாங்கள் எளிய வழியைப் பிடித்தோம். உடலின் நகல் ஒன்றை எடுத்து, விரல்களையும் நகைகளையும் நீக்கி, முழங்காலின் பின்புறத்தை மெலிதாக்கினோம். அதே எலும்புக்கூட்டோடு இணைத்து அதை மோதல் பரப்பாக்கினோம். படத்தில் தெரியாமல் மறைத்தும் வைத்தோம். பார்ப்பவர் காண்பது அழகான உடல், துணி மோதுவது மெலிந்த உடல்.

இரவு முழுவதும் கணினி ஓடியது. காலையில் முழங்கால் உள்ளேயே இருந்தது. இடுப்பருகே ஒரு மடிப்பு மட்டும் நடுங்கியது. கேமராவைச் சற்றுத் திருப்பி அதை மறைத்துவிட்டாள்.