ஓரடி நகர்ந்து இடம் விடு

தம்பி, நேற்றுக் காலை சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று நீ சீனக் கலையான தாய்ச்சி பழகியதைப் பார்த்தேன். 18 ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கேதான் நின்றேன். நான் தப்பாகச் செய்து கற்றவற்றைச் சொல்கிறேன், கேள்.

1. எதற்காக வந்தாய் என்று சொல்ல வெட்கப்படாதே. நான் வந்தது முழங்கால் வலிக்காக. கேட்டவர்களிடம் மட்டும் "சீனத் தத்துவம் பிடிக்கும்" என்று அளந்தேன். 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்துக்குப் போனது சண்டைக்கலை கற்க. செங் மான்ச்சிங்கைத் தாய்ச்சிக்கு இழுத்து வந்தது காசநோய். பெரிய ஆசான்களே தேவைக்காகத்தான் வந்தார்கள்.

2. வந்த காரணம் தீர்ந்ததும் போய்விடாதே. மூன்று மாதத்தில் வலி குறைந்தது, நின்றுவிட்டேன். டிசம்பர் மழையோடு வலி திரும்பியது, நானும் தலைகுனிந்து திரும்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சீனப் பாட்டி மட்டும் ஓரடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இன்று நான் விடியலில் எழுவது முழங்காலுக்காக அல்ல, அந்த இடத்துக்காக.

3. அவசரப்படாதே. நாம் செய்யும் 24 அசைவுகள், 1956இல் சீன விளையாட்டுத்துறை பொதுமக்களுக்காகச் சுருக்கித் தந்தவை. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்து மார்தட்டினேன். 'மேகக் கைகள்' அசைவு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வாத்தியார் சிரித்துக்கொண்டே, முதல் அசைவையே ஒரு வாரம் செய்யச் சொன்னார். ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும்.

4. பக்கத்தில் நிற்பவரோடு போட்டி போடாதே. 'பொற்சேவல்' அசைவில் அந்தப் பாட்டியைவிட உயரமாகக் காலைத் தூக்கினேன். தள்ளாடி, கடைசியில் அவர் தோளையே பிடித்தேன். தூக்கிய காலை ஊர் பார்க்கட்டும். ஊன்றிய காலை நீ பார்.

5. பலனைக் கூட்டிச் சொல்லாதே. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் மூன்று குழுக்களாகப் பயிற்சி செய்தார்கள். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தாய்ச்சி செய்தவர்கள் நிலைதடுமாறி விழுவது குறைந்தது. நோய் தீர்ந்ததாக அதில் இல்லை. நானோ ஒரு நண்பரிடம், "மாத்திரையை விட்டுவிடலாம்" என்று உளறினேன். நல்லவேளை, அவர் மனைவி என்னை நம்பவில்லை.

6. என்றாவது உனக்குப் பின்னாலும் ஒருவர் தயங்கி நிற்பார். முழங்காலுக்கா, தனிமைக்கா, எதற்கு வந்தார் என்று துருவாதே. ஓரடி நகர்ந்து இடம் விடு. நாளை சந்திப்போம், தம்பி.