வேலையை விட்டுட்டு முழு நேர மியூசிக்கா? முதல்ல உங்க பிஎஃப்-க்கு ஒரு மாற்று வேணும்!

வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு ஆர்கெஸ்ட்ரா. இல்லன்னா வீட்டு ரூம்லயே ஒரு சின்ன ஸ்டூடியோ. "இதையே தொழிலா பண்ணலாமா?"ன்னு யோசிக்கிறீங்களா? இன்னிக்குப் பாடம் உங்களுக்குத்தான்.

சம்பளம் சொல்லாம செய்ற வேலை

ஒரு உதாரணம். ஏற்காடு மலையில மாரமங்கலத்துக்காரர் ஒருத்தர், வயசு 28, சேலத்துல வேலை. அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். வார இறுதியில கீபோர்டு வாசிக்கிறார்.

அவர் சம்பளத்துல 12%, அதாவது 2,400 ரூபாய் பிஎஃப் பிடிக்கிறாங்க. கம்பெனியும் 2,400 போடுது (அதுல 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும்). மொத்தம் மாசம் 4,800. இதுக்காக அவர் எந்த முயற்சியும் எடுக்கல. வேலையை விட்ட அன்னிக்கே இது நின்னுடும். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போயிடும்.

இப்போ கணக்கு. அதே 4,800-ஐ 8% வருமானத்துல 30 வருஷம் போட்டா சுமார் 71 லட்சம். "முதல்ல தொழில் செட்டில் ஆகட்டும்"னு 5 வருஷம் தள்ளிப்போட்டா, மீதி 25 வருஷத்துல சுமார் 45 லட்சம்தான். கட்டாம விட்டது 2.88 லட்சம், இழந்தது கிட்டத்தட்ட 26 லட்சம்! (8% ஒரு அனுமானம்தான், உத்தரவாதம் இல்ல.)

"பாட்டு ஹிட் ஆனா ராயல்டி வருமே?"

வரும், ஆனா யாருக்குன்னு பாருங்க. சேலத்துல இருந்து ஏற்காடு போற ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீங்க. 1935-ல டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கு மேல படம் எடுத்த நிறுவனம். இன்னிக்கு ஸ்டூடியோ இல்ல, வளைவு மட்டும் நிக்குது. அந்தக் காலத்துல இசையமைப்பாளருக்குப் பெரும்பாலும் ஒரே தடவை சம்பளம்தான். 1977-ல உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் காசு கொடுத்துப் போடச் சொன்ன பாட்டுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா தயாரிப்பாளரே உரிமையாளர்னு சொல்லிடுச்சு.

2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. படப் பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிக்கிற ராயல்டியில பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. இசைக்கும் வரிகளுக்கும் காப்புரிமை, படைச்சவர் வாழ்நாள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம்.

சொந்தமா மெட்டு போடுறீங்க, பாட்டு எழுதுறீங்கன்னா 1969-ல இருந்து இயங்குற ஐபிஆர்எஸ்-ல உறுப்பினராகி உங்க பாட்டுகளைப் பதிவு பண்ணுங்க. ஆனா அடுத்தவங்க பாட்டை மேடையில வாசிக்கிறவருக்கு இந்த ராயல்டி கிடையாது. அதனால ராயல்டியை போனஸா வெச்சுக்கோங்க, பென்ஷனா நினைக்காதீங்க.

நாமே பிஎஃப் பிடிக்கிறது எப்படி?

மலையில காபி விவசாயம் பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். அறுவடைப் பணம் ஒரு சீசன்ல வரும், செலவு பன்னிரண்டு மாசமும் இருக்கும். மியூசிக்கும் அப்படித்தான். தை, ஆவணியில கல்யாணம் அதிகம், மார்கழியில இல்ல. ஆடியில கல்யாணம் இல்லன்னாலும் சேலத்துல மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி இருக்கும். அதனால மாசா மாசம் ஒரே தொகைன்னு பிளான் போடாதீங்க, சதவீதத்துல போடுங்க.

கைக்கு வர்ற ஒவ்வொரு 100 ரூபாயையும் இப்படிப் பிரிக்கலாம்:

1. வருமான வரிக்கு 10
2. ஓய்வுக்காலத்துக்கு 15
3. கருவி ரிப்பேர், வேலை இல்லாத மாசங்களுக்கு 15
4. வீட்டுச் செலவு, மருத்துவக் காப்பீட்டுக்கு 60

அந்த 15-ஐ எங்கே போடுறது?

பிபிஎஃப்: வருஷத்துக்குக் குறைஞ்சது 500, அதிகபட்சம் 1.5 லட்சம், 15 வருஷக் கணக்கு. கையில இருக்கும்போது கட்டலாம். தொழில் கடன் பிரச்சனையாகி கோர்ட் வரைக்கும் போனாலும், கடன்காரருக்காக இதை ஜப்தி பண்ண முடியாது. ஸ்பீக்கர், மிக்ஸர் இஎம்ஐ-ல வாங்குறவங்க இதைக் கவனிங்க.

என்பிஎஸ்: சொந்தத் தொழில் பண்றவங்களும் சேரலாம். பங்குச்சந்தையில ஒரு பகுதி போறதால நீண்ட காலத்துக்கு ஏத்தது, ஆனா ஏற்ற இறக்கம் இருக்கும்.

அடல் பென்ஷன் யோஜனா: உங்க டீம்ல 18 முதல் 40 வயசுக்குள்ள, வருமான வரி கட்டாத கலைஞர்கள் இருந்தா சேரச் சொல்லுங்க. 60 வயசுக்கு மேல மாசம் 1,000 முதல் 5,000 வரை உறுதியான பென்ஷன்.

பழைய பிஎஃப்-ஐ எடுத்து ஆம்ப்ளிஃபையர் வாங்கிடாதீங்க. 5 வருஷ சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரியும் வரலாம். ஸ்பீக்கர் விலை வருஷா வருஷம் இறங்கும், பிஎஃப் ஏறும்.

எப்போ வேலையை விடலாம்?

மேலே சொன்ன 15%-ல மாசம் 4,800 சேரணும்னா, மியூசிக்ல சராசரியா மாசம் 32,000 வரணும். சீசன் மாசத்தை மட்டும் பார்க்காதீங்க, முழு 12 மாசத்தோட சராசரியை எடுங்க. அது வந்துடுச்சா, ஆறு மாசச் செலவும் தனியா இருக்கா? தைரியமா இறங்குங்க. வரலையா? இன்னும் கொஞ்ச நாள் சம்பளமும் மேடையும் சேர்ந்தே ஓடட்டும்.

இந்த வாரம் உங்க சம்பள ரசீதை எடுத்து, பிஎஃப்-ல ரெண்டு பக்கமும் எவ்வளவு போகுதுன்னு பாருங்க. அதை 0.15-ஆல வகுங்க. உங்களுக்கான நம்பர் அதுதான். என்பிஎஸ் கணக்கு திறக்கிறது எப்படின்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.